ஐப்பசி மழைக்கு முன் ஒரு கண்ணாடி வேலை

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. உடனே பதில் போடாததற்குக் குறை நினைக்காதே. இங்கே தங்கச்சியின் மூத்த மகளுக்குக் கல்யாணம். அதற்குள் காரின் பின் கண்ணாடி உடைந்து, அந்த அலைச்சல் வேறு. இரண்டும் முடிந்து இன்றைக்குத்தான் ஆறுதலாக உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை. ஐப்பசி பிறந்ததும் பிடித்துக்கொண்டது.

உன் அப்பாவின் திவசம் வருகிறது, அவரைப் பற்றி ஏதும் ஞாபகம் வந்தால் எழுது என்று கேட்டிருந்தாய். கண்ணாடிக் கதையைச் சொன்னால் அதுவும் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆனபடியால் முதலில் கதையைக் கேள்.

என்னிடம் இருக்கும் பென்ஸை நீ படத்தில் பார்த்திருப்பாய். 2005ஆம் ஆண்டு ஈ கிளாஸ். அண்ணர் ஆசைப்பட்டு வாங்கியது, அவர் போன பிறகு அண்ணி என்னிடம் தந்தார். வயதான கார்தான். ஆனால் 2020இலிருந்து ஐந்து வருடம் கார் இறக்குமதியே நின்றிருந்த நாட்டில், ஓடுகிற காரை யார் விடுவார்கள்? அண்ணர் கைபட்ட ஸ்டியரிங் என்பது வேறு.

அன்றைக்கு நிலாவெளி வீதியில், அலஸ்தோட்டம் தாண்டி, காரை ஓரமாக நிறுத்திவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் பத்துப் பதினைந்து மீற்றர் தள்ளி ஒருவர் மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்தார். 'டப்' என்று ஒரு சத்தம். டயர் வெடித்ததென்றுதான் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பின் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகப் பூத்து நிற்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன், அந்த அதிர்வுக்கே சலசலவென்று கொட்டிவிட்டது. உள்ளே சீற்றில் கிடந்த கல் புளியங்கொட்டை அளவுதான் இருக்கும்.

புல் வெட்டியவர் மெஷினைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்குகிறது. அவருடைய நாட்கூலிக்கு இந்தக் கண்ணாடியின் விலையைக் கேட்பதில் என்ன நியாயம்? போய் வேலையைப் பாருங்கள், இனிமேல் கார் நிற்கிற பக்கம் ஒரு மறைப்புப் பிடியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இவ்வளவு சின்னக் கல்லுக்கு இவ்வளவு பெரிய கண்ணாடி ஏன் முழுதாக உடைகிறது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. பிறகு கண்ணாடி போட வந்த தம்பி விளக்கினார். முன் கண்ணாடி இரண்டு தகடு, நடுவில் பிளாஸ்டிக் படலம். கல் பட்டால் நட்சத்திரம் மாதிரிக் கீறும், ஆனால் விழாது. சின்ன உடைவென்றால் பசை ஊற்றி அடைத்தும் விடலாம். பின் கண்ணாடி ஒற்றைத் தகடு. அதை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, காற்றை அடித்துச் சட்டென்று ஆற்றுகிறார்கள். வெளிப்பக்கம் இறுகி நெருக்கிக்கொண்டிருக்கும், உள்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுபறிதான் அதன் பலம். கூரான கல் அந்த மேல்தோலைத் தாண்டிவிட்டால், உள்ளே இருந்த இழுவை முழுவதும் ஒரே நொடியில் அவிழ்ந்துபோகும். அதனால்தான் வாள் மாதிரித் துண்டாகாமல் கற்கண்டு மாதிரி உதிர்கிறது. பின் சீற்றில் பிள்ளைகள் இருந்திருந்தாலும் ஆழமாக வெட்டியிராது. ஆனால் ஒட்டுப்போடவும் வழியில்லை. மாற்றத்தான் வேண்டும்.

அன்று இரவு பொலித்தீன் போட்டு மூடி வைத்தேன். காலையில் பார்த்தால் ஒரு மூலையை மான் கடித்து இழுத்திருக்கிறது. நமது காலத்தில் கோட்டைக்குள் நின்ற மான்கள் இப்போது ஊருக்குள்ளும் திரிகின்றன, மச்சான். பொலித்தீனை விழுங்கித் தொலைத்துவிடுமே என்று பிறகு பழைய தார்ப்பாய் போட்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. பொம்பிளை கோயிலுக்குப் போவது இந்தக் காரில்தான் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். பத்து நாள் தாராளம் என்று நினைத்தேன்.

புதுக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஒன்றரை மாதமாகும் என்றார்கள். கார்ச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லிக் கொழும்பில் இருக்கும் மருமகனுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். ஒரு கடையில் மலிவாக ஒன்று இருந்ததாம், ஆனால் சூடாக்கும் கோடுகள் இல்லாத வெறும் கண்ணாடி. "உங்கள் ஊரில் குளிரா அடிக்கிறது, கோடு எதற்கு?" என்று கடைக்காரர் கேட்டாராம். நீ ரொறன்ரோவில் பனியைக் கரைக்க அந்தப் பொத்தானை அமத்துகிறாய். இங்கே மாரி மழையில் ஏசி போட்டு ஓடிப்பார். குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஈரக்காற்றுப் பட்டுப் பனிபோல் ஈரம் படியும், நாலு பேர் ஈரத்தோடு ஏறினால் உள்பக்கமும் படியும். கந்தளாய் வீதியில் இரவில் பின்னால் வருகிற லொறி தெரியவேண்டாமா? அதோடு இந்தக் காரில் வானொலி அன்ரெனாவும் பின் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது. கண்ணாடி உடைந்த நாளிலிருந்து 'தென்றல்' ஒரே இரைச்சல். கோடில்லாத கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாலாம் நாள் கழற்றிய காரொன்றின் கண்ணாடி கிடைத்தது. அதே நிறம், மூலையில் அதே முத்திரை. மருமகன் கெட்டிக்காரன். லொறியில் படுக்கவைக்க விடாமல், இரண்டு மெத்தைக்கு நடுவில் நிமிர்த்திக் கட்டி அனுப்பினான். ஹபரணை வழியாக ஒரு கீறலில்லாமல் வந்து சேர்ந்தது. ஒரேயொரு குறை. முன்பு ஒட்டியிருந்த கறுப்பு ஸ்ரிக்கரை யாரோ பிளேடால் சுரண்டியிருக்கிறார்கள், இரண்டு கோடு அறுந்திருந்தது.

கண்ணாடி போடுகிற தம்பி கிண்ணியாக்காரர். பொருட்களெல்லாம் அங்கேதான் இருக்கிறதென்று காரை அங்கே கொண்டுவரச் சொன்னார். நமது காலத்தில் கிண்ணியா போவதென்றால் கடலைக் கடக்கிற மிதவைப் பாதைக்குக் காத்துக் கிடக்கவேண்டும், ஞாபகமா? வாகனங்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பாதை அசைந்து அசைந்து போகும். 2009இல் பாலம் வந்தது, கிட்டத்தட்ட 400 மீற்றர். அதில் தார்ப்பாய் படபடக்க, கடற்காற்று உள்ளே வந்து சுழல, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன்.

அவருடைய வேலையைப் பார்க்கவேண்டும், மச்சான். முதலில் பற்றரியைக் கழற்றினார். பக்கத்துத் தூண்களின் உறைக்குப் பின்னால் காற்றுப்பை இருக்கிறது, மின்சாரத்தோடு அதைத் தொடக்கூடாது என்றார். பிறகு பின் சீற்று, பின் தட்டு, திரைச்சீலை மோட்டார் எல்லாம் வெளியே வந்தன. ஸ்பீக்கர் ஓட்டை, சீற் பெல்ற் சுருள், டிக்கியின் தண்ணீர்க்கான், எங்கே பார்த்தாலும் கண்ணாடிக் கற்கண்டு. துப்புரவாக்கவே அரை நாள் போனது. அறுந்த கோட்டுக்கு வெள்ளி கலந்த மை பூசினார். மீற்றரை வைத்துக் கோட்டின் வழியே நகர்த்திக்கொண்டு போனார். வோல்ட் படிப்படியாக இறங்கினால் கோடு சரி, ஓரிடத்தில் திடீரென்று விழுந்தால் அங்கேதான் அறுந்திருக்கிறது.

கண்ணாடி உட்காரும் விளிம்பில் பழைய கம் இருக்குமல்லவா, அதை முழுவதும் சுரண்டக்கூடாதாம். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் சீவிவிட்டு அதன் மேலேயே புதுக் கம் போடவேண்டும். அதுதான் நன்றாகப் பிடிக்குமாம். அப்படிச் சீவிக்கொண்டு போனவர் கீழ் இடது மூலையில் நின்றுவிட்டார். விரலால் தடவினார். பெயின்ற் கொப்புளித்திருந்தது. நகத்தால் கிண்டினால் கறள்.

எனக்கு அப்போதே நெஞ்சு திக்கென்றது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான்.

"அண்ணன், இதை இரும்பு தெரியுமட்டும் தேய்க்கோணும், கறள் மருந்து பூசிக் காயவிடோணும், அதுக்கு மேல பிரைமர். அப்பிடிப் பார்த்தா கண்ணாடி நாளைக்கு இல்ல, நாளையிண்டைக்குத்தான். போட்டாலும் ஒரு நாள் எடுக்கேலாது" என்றார். நான் கெஞ்சினேன். அந்த மூலையில் கம்மைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டுவிட்டால் மூடிவிடாதா என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "கறளுக்கு மேல போட்ட கம் கறளைத்தான் பிடிக்கும், காரைப் பிடிக்காது" என்றார். அப்புறம் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

நான் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில்தான் உன் அப்பா ஞாபகம் வந்தார்.

மொரிஸ் மைனரின் பின் கண்ணாடி போட்ட நாள். நமக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். அந்தக் காலத்துக் காருக்குக் கம் இல்லை, ரப்பர்தான். அப்பா கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்துக்குள் வலைக்கயிற்றைச் சுற்றி வைத்து, சவர்க்காரத் தண்ணீர் தடவினார். கயிற்றின் இரண்டு நுனியும் காருக்குள்ளே. அவர் உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகரத்துக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டே வரும். நீயும் நானும் வெளியே நின்று உள்ளங்கையால் அமத்திக்கொண்டிருந்தோம். "அமத்து, குத்தாதே" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவார். போட்டு முடிந்ததும் நம் இரண்டு பேரையும் பின் சீற்றில் மல்லாந்து படுக்கச் சொல்லிவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மூலையில் ஒரு சொட்டு விழுந்தது. ஒரே ஒரு சொட்டு. ரப்பர் அந்த இடத்தில் நகத்தளவு மடிந்திருந்தது.

அப்போது கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போக காரை ஹயருக்குப் பேசியிருந்தவர்கள் குடும்பமாக வந்து படலையில் நின்றார்கள். அப்பா அவர்களைப் பக்கத்து வீட்டு ஒஸ்ரினில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கண்ணாடியைத் திரும்பக் கழற்றினார். அன்றைய ஹயர் காசு உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிதென்று உனக்குத் தெரியும். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தா, ஒன்றும் சொல்லவில்லை. இதை நீ திவசத்தன்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். எனக்கு அவரைப் பற்றி இதைவிடப் பெரிதாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் தங்கச்சிக்கு எடுத்து, கல்யாணத்துக்கு வேறு கார் பிடிக்கச் சொன்னேன். அவளுக்கு மனவருத்தம்தான். ஆனால் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் பொம்பிளை இறங்கும்போது எந்தக் கார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவ்வளவு வடிவாக இருந்தாள். கல்யாணம் நன்றாக நடந்தது, படங்களை மகன் அனுப்புவான்.

கண்ணாடியைச் சொன்ன நாளில் போட்டார். கம்மை முக்கோண வரம்பாக, எங்கேயும் விட்டுப்போகாமல் ஒரே இழுவையில் சுற்றிப் போட்டதைப் பார்த்தேன். இரண்டு பேர் உறிஞ்சுபிடியால் கண்ணாடியைத் தூக்கி ஒரே தடவையில் வைத்தார்கள், வைத்தபின் நகர்த்தவில்லை. மேலே ரேப் ஒட்டினார்கள். கதவுக் கண்ணாடிகளை இரண்டு விரல் இறக்கிவிட்டார்கள். எல்லாம் மூடியிருக்கும்போது யாராவது கதவைச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்றே ஈரக் கம்மிலிருந்து கண்ணாடியைத் தள்ளிவிடுமாம். அந்தக் கம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். நம்ம ஊரில் ஈரத்துக்குக் குறைவா?

கல்யாணம் முடிந்த மறுநாள் காரை எடுக்கப் போனேன். வானொலி வயரை மாட்டிவிட்டுப் போட்டுக் காட்டினார், 'தென்றல்' பக்கத்தில் இருந்து பேசுவதுபோல் கேட்டது. பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன், உள்ளுக்க ஆராவது இருந்து பார்த்தா நல்லம்" என்றார்.

நானே ஏறிப் பின் சீற்றில் மல்லாந்து படுத்தேன், மச்சான். இந்த வயதில். மேலே தண்ணீர் கண்ணாடியில் வழிந்து வழிந்து போகிறது, வானமும் தென்னை மரமும் அதற்குள் கலங்கித் தெரிகிறது. மூலையைத் தடவிப் பார்த்தேன். கை காய்ந்தே இருந்தது. கொஞ்ச நேரம் எழும்பாமல் அப்படியே கிடந்தேன். பக்கத்தில் நீ இல்லாததுதான் குறை.

தைக்கு வருவதென்றால் இரவு ரயிலில் வா. ஸ்ரேசனுக்கு நான் கார் கொண்டு வருவேன். முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பவா, அல்லது வரும்போது எடுத்துக்கொள்கிறாயா? பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லு.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. அன்றைக்கு மொரிஸுக்குள் படுத்திருந்தபோது "அப்பா, சொட்டுது" என்று கத்தியது நீதானா, இல்லை நானா?

அன்புடன்,
உன் மச்சான்