அண்ணன் நெருங்கிய உறவில்லையாம்

அன்புள்ள சேது,

நான்கு மாதமாக எழுதவில்லை. திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் நலம். உன் சர்க்கரையைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்வாய், கேட்கவில்லை.

விஷயம் அண்ணனைப் பற்றியது. சாக்ரமெண்டோ வீட்டில் திருடன் புகுந்த வருடம் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினாரே, அதை என்னிடம் கொடுத்துவிடுகிறேன் என்றார். தீபாவளிக்குப் பொட்டு கேப் வெடிக்கவே காதைப் பொத்திக்கொண்ட மனிதர்! தம்பிதானே, போய் எடுத்துவந்துவிடலாம் என்று நினைத்தேன். கலிபோர்னியா சட்டத்தில் அப்பா மகனுக்குக் கொடுக்கலாம், பாட்டி பேத்திக்குக் கொடுக்கலாம். கடை மூலமாகக் கைமாற்ற வேண்டாம், 30 நாளுக்குள் மாநில அரசுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். உடன்பிறந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்களாம். அண்ணன் தகப்பனுக்குச் சமம் என்று அம்மா சொன்னது இங்கே செல்லாது.

ஆகவே குண்டுகளை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியோடு இருவரும் உரிமம் பெற்ற கடைக்குப் போனோம். அதற்கு முன்பே எனக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பில் ஒரு பரீட்சை. 30 கேள்வியில் 23 சரியாக இருக்க வேண்டும். 29 வாங்கினேன், கணக்கு வாத்தியார் நம்பியிருக்கமாட்டார். கடையில் கட்டைவிரல் ரேகை எடுத்தார்கள். குற்ற வழக்கு உண்டா, குடும்ப வன்முறைக்காகத் தடை உத்தரவு உண்டா என்றெல்லாம் அரசு துருவிப் பார்க்கும். அதில் தேறினாலும் முழுதாக 10 நாள் துப்பாக்கி கடையில்தான் இருக்கும். கோபத்தில் வாங்க வருகிறவன் ஆறட்டும் என்று வைத்த காலம். "ஐம்பது வருடமாக உங்களோடு இருக்கிறேன், இனி என்ன ஆற வேண்டியிருக்கிறது?" என்று காரில் வழியெல்லாம் புலம்பினேன்.

அண்ணன் வாயே திறக்கவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான், "உன் அண்ணி போனதிலிருந்து ராத்திரியில் அது அலமாரியில் இருக்கிற நினைவு வருகிறது. அதனால்தான்" என்றார்.

சேது, எனக்கு அது உறைக்கவே இல்லை. திருடன் பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அது கடையில் தங்கிவிட்டது நல்லதாயிற்று. அவரை என் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டேன். மருத்துவரிடமும் பேச வைத்தாயிற்று. பத்தாம் நாள் வியாழக்கிழமை. போய் வாங்கிக்கொள்வதா, அங்கேயே விற்றுவிடலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடு. இந்தப் பேச்சை எடுக்காதே. சீட்டாட்டத்தில் உனக்குத் தரவேண்டிய 17 ரூபாயைக் கேள். சண்டைக்கு வருவார்.

உன்,
ராமு