பரங்கிமலையைக் காணோம்

பல்லாவரம்
ஜனவரி 20

அன்புள்ள சுந்தரம்,

பேத்தி பிறந்த சேதி படித்து வீடே சந்தோஷப்பட்டது. என் முட்டிவலி அப்படியேதான்.

இங்கே ஒரு கூத்து. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பரங்கிமலை தெரியும், நீயே பார்த்திருக்கிறாய். நாலைந்து கிலோமீட்டர்தான். மார்கழியில் பல நாள் காலையில் மலையைக் காணோம். கண்புரைதான் என்று பயந்து டாக்டரிடம் ஓடினேன். "கண்ணில் ஒன்றுமில்லை, மத்தியானம் மாடிக்குப் போய்ப் பாருங்கள்" என்றார். போனால், மலை, உச்சியிலுள்ள சர்ச், எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன!

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். அடைமழையில் உப்பு ஜாடி கசியுமே, அதே சங்கதிதான். கடற்காற்றில் மிதக்கும் உப்புத்துகள், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டதும் தண்ணீரை இழுத்துத் துளியாகிவிடும். புகையிலிருந்து உண்டாகும் சல்பேட் துகளுக்கு 80 சதவீதம். 90-ஐத் தாண்டினால் இன்னும் ஊதும். தூசி கூடாமலே, இருக்கிற தூசியே தடித்து வெளிச்சத்தைச் சிதறடித்து மலையை மறைக்கிறது. வெயில் ஏறினால் உலர்ந்து இளைத்துவிடும். போதாததற்கு, குளிர்ந்த இரவில் தரையோரக் காற்று மேலே எழும்பாமல் புகையை அங்கேயே தேக்கி வைக்கும்.

அந்த நேரம் பார்த்துப் போகி வருகிறது, பழைய பாயை எரிக்க! 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடினவே, புகையும் பனியும் கூட்டுச் சேர்ந்த வேலைதான் அது. பார்வை 1,000 மீட்டருக்குக் கீழே போனால்தான் வானிலைக்காரர்கள் மூடுபனி என்பார்களாம். எங்கள் மாடியில் பெரும்பாலும் வெறும் மூட்டம்தான்.

சித்திரையில் தூசிக்குக் குறைவில்லை, ஆனால் மேற்குக் காற்று வீசும் உச்சிவேளையில் ஈரம் கம்மி, அதனால் மலை மங்கலாகவாவது தெரிகிறது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை கழுவிவிட்டால் சர்ச் சுவரையே தொட்டுவிடலாம் போலிருக்கும்.

மழை விட்டதும் உன் அம்மா தென்காசித் திண்ணையில் நின்று, "மலை கிட்ட வந்திருச்சு பாரு" என்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? மங்கலாகத் தெரிவதைத் தொலைவு என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். தூசி போனதும் மலை நெருங்கியது போலத் தோன்றியிருக்கிறது. அன்றைக்கு நாம் சிரித்தோம்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் அதே திண்ணையிலிருந்து காலையும் மாலையும் மலையைப் படமெடுத்து அனுப்பு. பேத்தி படத்தையும் சேர்த்துத்தான்.

உன்,
ராமு