துப்பாக்கி வாங்கிவிட்டாய், இனி பெல்ட் வாங்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், புதுத் துப்பாக்கிக்கு மாட்டப்போவதாகக் கூடவே எழுதி அனுப்பிய பட்டியலும் வந்து சேர்ந்தன. டெக்சஸ் ஃப்ரிஸ்கோ வீட்டில் ஒருவழியாகப் பெட்டிகளைப் பிரித்து முடித்தீர்கள் என்று படித்ததும் உமாவை நினைத்துக்கொண்டேன். பாவம், பாதி வேலை அவள் தலையில்தான் விழுந்திருக்கும். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவள் ஆஸ்டினில் படிக்கிறாள், சின்னவன் ஃபோனோடு குடித்தனம் நடத்துகிறான். ஹூஸ்டன் வெயில் எப்போதும் போல.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். க்ளாக் 19 கைத்துப்பாக்கி, ஐந்தாம் தலைமுறை, ரெட் டாட் என்கிற ஒளிப்புள்ளி சைட்டைப் பொருத்த, மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடில் இடம் வெட்டிய மாடல். நல்ல தேர்வு. 1988-இல் வந்த அளவு அது. அதற்குப் பிறகு 2018-இல் சிக் சாவர் பி365 மாதிரி இன்னும் சின்னதெல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் இடுப்பிலும் வைக்கலாம், கையில் முழுசாகப் பிடிக்கவும் கொடுக்கும் என்றால் ஆட்கள் இன்னும் 19-ஐத்தான் கை காட்டுகிறார்கள். நியூ ஜெர்சியில் இருந்தவரை 10 ரவுண்டுக்கு மேல் கொள்ளும் மேகசினையே (தோட்டா அடைக்கும் பெட்டி) தொடக்கூடாது, இங்கே அந்த வரம்பு இல்லை, இந்த மாடலில் 15 கொள்ளும். அந்த உற்சாகம் பட்டியலில் நன்றாகவே தெரிகிறது. ரெட் டாட், லைட், புது ட்ரிக்கர், குழாய் முனையில் மாட்டும் காம்பென்சேட்டர், மேகசின் நுழையும் வாயை அகலமாக்கும் மேக்வெல், நீட்டிய மேகசின் பட்டன், தங்க நிறத்தில் பேரல். கல்யாணச் சீர்வரிசை எழுதின மாதிரி இருக்கிறதடா. இத்தனை எழுதியவன் ஹோல்ஸ்டர் என்கிற உறையையும் பெல்ட்டையும் மட்டும் விட்டுவிட்டாய்.

அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். தோட்டா நிரப்பிய க்ளாக் 19 சுமார் 855 கிராம். நீ ஆபீசுக்குப் போட்டுப் போகும் மெல்லிய தோல் பெல்ட்டில் அதை மாட்டினால் மதியத்துக்குள் பேன்ட் ஒரு பக்கம் இறங்கும், கைப்பிடி வெளியே சாய்ந்து சட்டையைத் தூக்கிக் காட்டும். நீ நாள் முழுக்க இடுப்பைத் தடவிக்கொண்டே இருப்பாய். பார்க்கிறவனுக்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம். ஒன்றரை அங்குல அகலத்தில், முறுக்கினால் வளையாத பெல்ட் ஒன்று வாங்கு. துளை இல்லாமல் பல் பல்லாக இறுக்கும் வகை இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் ஒரு பல் தளர்த்திக்கொள்ளலாம். நம் வயதுக்கும் தொப்பைக்கும் அது வரம்.

ஹோல்ஸ்டர் என்றால் கைடெக்ஸ் என்கிற கெட்டி பிளாஸ்டிக்கில் வார்த்தது, உன் மாடலுக்கென்றே செய்தது. எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற துணி உறை வேண்டவே வேண்டாம். க்ளாக்கில் வெளியே தட்டிவிடும் சேஃப்டி கிடையாது. உள்ளே மூன்று இருக்கின்றன, ஆனால் ட்ரிக்கரை எது அழுத்தினாலும் அவை வழிவிட்டுவிடும். அதனால் நடைமுறையில் ஹோல்ஸ்டர்தான் உனக்கு சேஃப்டி. வந்ததும் இப்படிச் சோதித்துப் பார்: மேகசினை எடு, குழாயில் தோட்டா நிற்கும் சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார், தோட்டாவை எல்லாம் வேறு அறையில் வை. அப்புறம் துப்பாக்கியை உறையில் செருகி மெத்தைக்கு மேலே தலைகீழாகப் பிடித்து உலுக்கு, விழக்கூடாது. ட்ரிக்கர் இருக்கும் இடத்தை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்து, உள்ளே எதுவும் அசையக்கூடாது. துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தபடி நிற்க வேண்டும். திரும்பச் செருகும்போது சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து பார்த்து, மெதுவாக. குளிர்கால ஜாக்கெட்டின் கீழே தொங்கும் கயிறும் பிளாஸ்டிக் முடிச்சும் ட்ரிக்கர் வளையத்துக்குள் போய் வெடித்த சம்பவங்கள் உண்டு. உன் ஜாக்கெட்டில் அந்தக் கயிறு இருந்தால் இன்றைக்கே வெட்டிவிடு.

எங்கே வைப்பது என்று கேட்டிருந்தாய். வயிற்றுக்கு முன்னால் வைப்பதுதான் இப்போது நாகரிகம். உருவுவதும் வேகம், காவலும் சுலபம். ஆனால் உட்கார்ந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு வயிறு இடிக்கும், குழாய் தொடையைப் பார்க்கும். நான் வலது இடுப்பின் பின்பக்கம், கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில் வைக்கிறேன். காரில் சீட் பெல்ட் கொஞ்சம் தொந்தரவு, அவ்வளவுதான். வேட்டி கட்டும் நாளில் எங்கே வைப்பாய் என்று மட்டும் கேட்காதே. அன்றைக்கு அது வீட்டுப் பெட்டியில் இருக்கும். பேர்லாண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகும்போதும் அப்படித்தான், அது என் வழக்கம்.

பட்டியலில் முதலில் எழுதிய ரெட் டாட்டுக்கு என் முழு ஓட்டு. காரணம் ஸ்டைல் இல்லை, கண். ஐம்பதைத் தாண்டியவனுக்குத் துப்பாக்கி மேலேயே முன்னும் பின்னும் இருக்கும் இரும்பு சைட்டை வைத்துக் குறி பார்ப்பது எவ்வளவு பாடு தெரியுமா? முன் சைட்டைத் தெளிவாகப் பார், இலக்கு மங்கலாக இருக்கட்டும் என்றுதான் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நமக்கு அந்த முன் சைட்டே மங்கல், படிக்கும் கண்ணாடி போட்டால் எதிரில் நிற்பவன் மங்கல். ரெட் டாட்டில் இந்த வம்பு கிடையாது. இலக்கைப் பார்த்தால் போதும், புள்ளி அதன் மேல் மிதக்கும்.

ஆனால் வாங்கும் முன் கடையில் கண் வைத்துப் பார். உனக்கு ஆஸ்டிக்மாடிசம் உண்டு என்று நினைவு. அப்படிப்பட்ட கண்ணுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியாது, கமா மாதிரியோ நட்சத்திரம் சிதறின மாதிரியோ தெரியும். சைட் வழியாக ஃபோனில் ஒரு படம் எடு. படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு சைட்டில் இல்லை, உன் கண்ணில். வெளிச்சத்தைக் குறைத்துப் பார், பச்சைப் புள்ளியையும் பார், சிலருக்கு அது கூர்மையாகத் தெரியும். புள்ளியைச் சுற்றி வளையம் காட்டும் ஹோலோசன் 507சி மாதிரி ஒன்றையும் கையில் எடுத்துப் பார். அதில் பேட்டரி பக்கவாட்டில் இழுக்கும் தட்டில் இருக்கிறது. ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் என்கிற இன்னொரு ரெட் டாட் உரலில் போட்டு இடித்தாலும் தாங்கும் என்று பெயர் எடுத்தது. ஆனால் அதன் டைப் 2 மாடலில் பேட்டரி அடியில் இருப்பதால், மாற்ற வேண்டுமென்றால் சைட்டையே கழற்றி மாட்டி, சுட்டுப் பழகும் ரேஞ்சில் குறி சரியாக இருக்கிறதா என்று மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவை, பிறந்தநாளோ பொங்கலோ, ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொண்டு பேட்டரியை மாற்றிவிடு. அது சாகும் வரை காத்திருக்காதே.

மாட்டுகிற வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். உன் மாடலில் ஸ்லைடுக்கும் சைட்டுக்கும் நடுவே ஒரு தகடு வரும். ஆக இரண்டு இடத்தில் திருகாணி, இரண்டும் தளரலாம். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, திருகாணி தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி விட்டு, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவோடு நிறுத்து. தகடு உள்ளே போய்விடும், மேலே தெரிகிற திருகாணித் தலையிலிருந்து பக்கத்து உடம்பு வரை நெயில் பாலிஷால் ஒரு மெல்லிய கோடு இழு. கோடு முறிந்து தெரிந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது. என் பெண்ணிடமிருந்து சுட்ட பாட்டில் ஒன்று என் ரேஞ்ச் பையிலேயே கிடக்கிறது, கலர் பெயர் என்னவோ பவளம். ரெட் டாட் கண்ணாடி வழியே தெரிகிற உயரத்தில் இரும்பு சைட்டும் போட்டுக்கொள், புள்ளி அணைந்தால் அது கை கொடுக்கும்.

முதல் சில வாரம் புள்ளியைத் தேடிக்கொண்டே நிற்பாய். துப்பாக்கியை நீட்டுவாய், கண்ணாடியில் ஒன்றும் இருக்காது. மணிக்கட்டு கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும், அவ்வளவுதான் விஷயம். காலித் துப்பாக்கியோடு, ஸ்னாப் கேப் என்கிற போலித் தோட்டா போட்டு, வீட்டில் தினமும் கொஞ்ச நேரம் நெஞ்சுக்கு நேராக நீட்டி நீட்டிப் பழகு. காசு செலவில்லாத பயிற்சி.

லைட்டில்தான் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. துப்பாக்கியில் மாட்டிய லைட்டை எதன் மேல் அடித்தாலும் துப்பாக்கியையும் அதன் மேல் நீட்டியாயிற்று. பார்க்கிங்கில் சாவி விழுந்தால் அதைக் கொண்டா தேடுவாய்? வெளியே போகும்போது பாக்கெட்டில் ஒரு சின்ன டார்ச் போதும், நூறு வேலைக்கு உதவும். படுக்கைப் பக்கத் துப்பாக்கிக்கு லைட் அவசியம் என்பது வேறு. இடுப்புத் துப்பாக்கிக்கும் வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருந்தால், ஸ்ட்ரீம்லைட் டிஎல்ஆர்-7 அளவில் ஒல்லியானதாகப் பார். சூர்ஃபயர் எக்ஸ்300 போன்ற பெரியவை வெளிச்சத்தில் ராஜா, ஆனால் அகலம். அகலமான லைட் உள்ளே போக வேண்டும் என்பதால் ஹோல்ஸ்டரின் வாயும் அகலமாகிவிடும், ட்ரிக்கர் பக்கத்தில் விரல் நுழையும் இடைவெளி விழும். மேலே சொன்னதெல்லாம் அதோடு வீண்.

மீதிப் பட்டியலில் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். ட்ரிக்கரைத் தொடாதே. கம்பெனி ட்ரிக்கர் கொஞ்சம் கரகரப்புதான், சுடச்சுடப் பழகிவிடும். மலிவான பாகங்கள் உள்ளே போனால் அந்த மூன்று சேஃப்டியின் கணக்கு எங்கே இடறும் என்று சொல்ல முடியாது. அசம்பாவிதம் நடந்து கோர்ட்டில் நிற்க நேர்ந்தால், துப்பாக்கி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது என்று சொல்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. காம்பென்சேட்டர் போட்டால் நீளம் கூடும், சில தோட்டாவுக்கு ஸ்லைடு முழுசாகப் பின்னால் வராது. மேக்வெல் பந்தயத்துக்கு. நீட்டிய மேகசின் பட்டனை உன் இடுப்புச் சதையே அழுத்தி மேகசினை அவிழ்த்துவிடும். தங்க பேரல் பற்றி உமாவிடம் பேசிக்கொள்.

அந்தக் காசில் கம்பெனி மேகசின் இன்னும் சில வாங்கு. ஒவ்வொன்றின் அடியிலும் பெயின்ட் பேனாவால் நம்பர் போடு. ரேஞ்சில் ஒருநாள் தோட்டா சிக்கினால், மூன்றாம் நம்பர்தான் வில்லன் என்று கண்டுபிடித்துவிடலாம். இடுப்பில் வைப்பதற்கு ஃபெடரல் எச்எஸ்டி, ஸ்பியர் கோல்ட் டாட் மாதிரி முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டா, பழகுவதற்குச் சாதாரண 115 அல்லது 124 கிரெய்ன் எடைக் குண்டு. நம்புவதற்கு முன்னால் அந்த விலை உயர்ந்த தோட்டாவிலும் ஒன்றிரண்டு பெட்டி சுட்டுப் பார்த்துவிடு. தினமும் ராத்திரி சேம்பரிலிருந்து எடுத்துக் காலையில் அதே தோட்டாவைத் திரும்ப ஏற்றுகிற பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் அடி வாங்கி குண்டு கேஸுக்குள் இறங்கும், அழுத்தம் எகிறும். ஹோல்ஸ்டரோடு கழற்றி அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டு. பெட்டி கைரேகையை மட்டும் நம்புவதாக இல்லாமல், பொத்தான் அழுத்தித் திறப்பதாக இருக்கட்டும். தோட்டா நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக விட்டுவைத்து அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்குப் போனால் டெக்சஸில் குற்றம். சட்டம் கிடக்கட்டும், உன் வீட்டில் இரண்டு வால்கள் இருக்கின்றன.

பொள்ளாச்சித் தோப்பு வீட்டில் உன் தாத்தா வைத்திருந்த இரட்டைக்குழல் நினைவிருக்கிறதா? தேர்தல் வந்தால் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். இங்கே இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்து வெளியே போக 2021 செப்டம்பர் 1 முதல் தகுதியுள்ளவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம். இருந்தாலும் நீ எல்.டி.சி. என்கிற அந்த லைசென்ஸை எடுத்துவிடு. வகுப்பில் சட்டம் சொல்லித் தருகிறார்கள், ஒப்பந்தம் உள்ள பக்கத்து மாநிலங்களிலும் செல்லும். கடை வாசலில் 30.06 என்று எழுதிய பலகையும், மதுக்கடையில் சிவப்பில் 51% என்று இருக்கும் பலகையும் கண்ணில் பட்டால் உள்ளே எடுத்துப் போகாதே. உன் மச்சான் பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். அவன் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறான் அல்லவா? கூட்டாட்சிச் சட்டப்படி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்காமல் தொட வேண்டாம். கிரீன் கார்டு வரட்டும், அதுவரை அவன் கையில் கொடுக்காதே.

லைட் உண்டா இல்லையா என்று முதலில் முடிவு பண்ணு. லைட்டோடு ஒரு வார்ப்பு, லைட் இல்லாமல் வேறு வார்ப்பு, மாற்றிப் போட முடியாது. முடிவைச் சொன்னால் நான் வாங்குகிற ஆளிடமே உனக்கும் ஹோல்ஸ்டர் சொல்லிவிடுகிறேன், செய்து அனுப்ப அவருக்குச் சில வாரம் பிடிக்கும். இடுப்பளவையும் எழுது. கல்லூரியில் இருந்த அளவு இல்லை, டேப் வைத்து அளந்த அளவு.

உமாவுக்கும் அம்மாவுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ரகு