ஆழ்கடல் படமும் அழுத்தக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்.

ஜேம்ஸ் கேமரூனின் ‘தி அபிஸ்’ (1989) படத்தைப் பார்ப்பவர்களில் பலர், எலி ஒன்று திரவத்துக்குள் மூழ்கியபடி மூச்சுவிடும் காட்சியைக் கப்சா என்று ஒதுக்குகிறார்கள். சிறு நீர்மூழ்கியின் கண்ணாடி மெல்ல மெல்ல விரிசல் விட்டு நொறுங்குவதையோ கேள்வியின்றி ஏற்கிறார்கள். இரண்டுமே தவறான தீர்ப்பு.

எலிக் காட்சியில் தந்திரம் இல்லை. எலியும் நிஜம், ஃபுளோரோகார்பன் திரவமும் நிஜம். லேலண்ட் கிளார்க்கும் ஃபிராங்க் கோலனும் 1966-இலேயே இதைச் செய்துகாட்டிவிட்டார்கள். இத்திரவம் தண்ணீரைவிடப் பல மடங்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கரியமில வாயுவை வெளியேற்றுவதில்தான் சிக்கல். தண்ணீரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கனமான திரவத்தை, சும்மா இருக்கும் மனிதனே நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவுக்கு இழுத்து வெளியேற்ற வேண்டும். வேலை செய்தால் அளவு இன்னும் கூடும். மார்புத் தசைகள் ஓய்ந்துபோகும். ஆக, நாயகன் அதைச் சுவாசித்தபடி 5 கிலோமீட்டர் இறங்கி வெடிகுண்டின் ஒயரை வெட்டுவதுதான் கற்பனை.

படத்தில் ஆட்கள் தங்கி வேலை செய்யும் கடலடி நிலையத்தின் தரையில் திறந்த குளம் இருந்தும் தண்ணீர் உள்ளே பொங்காததற்குக் காரணம், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிநீரின் அழுத்தத்துக்குச் சமமாக இருப்பது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் வீதம், 600 மீட்டரில் அது மேற்பரப்பைப்போல் ஏறத்தாழ 61 மடங்கு. அங்கே சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜன் மயக்கும், ஆக்சிஜன் வலிப்பை வரவழைக்கும். அதனால் ஹீலியம் கலவை. அதில் ஆக்சிஜன் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஹீலியத்தில் பேச்சு கீச்சுக்குரலாகிப் புரியாமல் போகும். நிஜ டைவர்களுக்குக் குரலைத் திருத்தும் கருவி தேவை. உடல்சூடும் விரைவாகக் குறையும் என்பதால் டைவர்கள் தங்கும் அழுத்த அறையை 30 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். படத்தில் எல்லோரும் இயல்பான குரலில் பேசுவதை வசனத்துக்காக மன்னிக்கலாம்.

கடற்படை அதிகாரியின் கை நடுங்குவதை வில்லத்தனத்தின் அடையாளமாகப் பார்க்க வேண்டாம். அது உயரழுத்த நரம்புக் கோளாறு. ஹீலியம் கலவையைச் சுவாசித்து சுமார் 150 மீட்டருக்குக் கீழே போனால், அதுவும் வேகமாக அழுத்தம் ஏற்றினால், தலைகாட்டும். இதைத் தணிக்கக் கலவையில் ஹைட்ரஜன் சேர்த்துத்தான் 1988-இல் பிரான்ஸின் கோமெக்ஸ் நிறுவன டைவர்கள் மார்செய் கடலில் 534 மீட்டரில் வேலை செய்தார்கள். இவ்வளவு நுணுக்கமான விஷயத்தைக் கதையின் மையத்தில் வைத்ததற்காகவே இப்படத்தை மதிக்க வேண்டும்.

இறுதியில் எல்லோரும் நேரே மேற்பரப்புக்கு வந்துவிடுகிறார்கள். நிஜத்தில் திசுக்களில் கரைந்த வாயு குமிழாகாமல் வெளியேற, நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் கணக்கில்தான் அழுத்தத்தை இறக்க முடியும். 600 மீட்டருக்கு மூன்று வாரம் ஆகும். படத்திலும் ஒரு பாத்திரம் இந்தச் சந்தேகத்தை எழுப்புகிறது. பொறுப்பு, படத்தில் ஆழ்கடலில் வாழும் வேற்றுக்கோள் உயிர்களின் தலையில் போடப்படுகிறது. சப்டைட்டில் எழுதுவோர் அந்த வசனத்தைச் சுருக்கிவிடக் கூடாது.

கண்ணாடி விரிசலுக்கு வருகிறேன். ஆழத்தில் நீர்மூழ்கியின் வெளிக்கூடு அழுத்தம் தாங்காமல் நொறுங்கினால் பார்த்துப் பயப்பட நேரம் இருக்காது. மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். 2023 ஜூனில், டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்கப் போன டைட்டன் நீர்மூழ்கிக்கு நேர்ந்தது அதுதான்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் ஆள் ஏறும் ஆழ்கடல் நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000 பற்றி எழுதும்போது, அதைப் படத்தின் கடலடி நிலையத்தோடு ஒப்பிட வேண்டாம். மத்ஸ்யாவில் 80 மி.மீ. தடிமனுள்ள டைட்டானியக் கோளத்துக்குள் மூவர் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே இருப்பார்கள். 6,000 மீட்டர் இறங்கித் திரும்பினாலும் அவர்களுக்கு அழுத்தம் இறக்கும் காத்திருப்பு கிடையாது.

இப்படிக்கு,
கடலடிப் பணித் துறை வாசகர்,
சென்னை