பட்டம் கட்டவும் ஒரு பாடவேளை வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆரம்பப் பிரிவில் செயல்வழிக் கற்றல் குறித்த தங்கள் தலையங்கம் உபகரணப் பற்றாக்குறையையே முதற் தடையாகக் காட்டியிருந்தது. என் அனுபவத்தில் தடை நேரம்தான். 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடமே உண்டு. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கான வினாத்தாள்கள் தரம் 3 இலேயே மேசைக்கு வந்துவிட, பெயரிலுள்ள செயற்பாடு காணாமற்போகிறது. (ஒப்படை கொடுத்தால் அது அம்மாவின் கையால் ரெஜிபோம் என்ற நுரை அட்டையில் முடிந்துவிடும்!)

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் தரம் 4 படிப்பித்தபோது, வாடைக்காற்றுக் காலத்தில் பிள்ளைகளைப் பட்டம் கட்டவைத்தேன். ஈர்க்கு, மெல்லிய தாள், நூல், பழந்துணி, அவ்வளவுதான். ஒரு குழுவின் பட்டம் சுழன்று சுழன்று தலைகுப்புற விழுந்தது. நான் வாய் திறக்கவில்லை. வாலை நீட்டினார்கள், சுழற்சி நின்றது, ஆனால் பாரத்தில் ஏற மறுத்தது. அப்புறம் வாலைக் கொஞ்சம் வெட்டி, முச்சையை, அதாவது பட்டத்தை நூலோடு இணைக்கும் கட்டை, அவிழ்த்துக் கட்டினார்கள். ஏறியது. ஈர்க்கின் நடுப்புள்ளி தேடியதில் கணிதமும், நிறத்தாள் ஒட்டியதில் சித்திரமும் கேளாமலே வந்து சேர்ந்தன. கடைசி வாங்கில் ஒதுங்கியிருக்கும் பையன்தான் அன்று முச்சைக்கு வாத்தியார். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று நடக்கும் பட்டப் போட்டியை ஊரே கூடிப் பார்க்கிறது. அந்தப் பட்டங்களைக் கட்டுபவர்கள் நம் அயலில்தான் இருக்கிறார்கள். தரம் 3, 4 நேரசூசியில் வாரம் இரு தொடர் பாடவேளைகளை ஒதுக்கி, அவர்களை வகுப்புக்கு அழைக்க வலயக் கல்வி அலுவலகங்கள் அனுமதிக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கரவெட்டி