சிங்கப்பூர் கிளம்பும் சகலைக்கு

அன்புள்ள சகலை,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய டிராவல்ஸ் நோட்டீஸைப் பார்த்தேன். மூணு ராத்திரி, காலை டிபன், ஏசி வண்டி, கூடவே தமிழ் பேசும் வழிகாட்டி. கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிங்கப்பூரில் தமிழ் பேச ஆள் வைத்துக்கொள்வதா? அங்கே தமிழும் ஓர் ஆட்சிமொழி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் நின்றால் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி என்று நம் பக்கத்துப் பிள்ளைகளே தோளை இடித்துக்கொண்டு போவார்கள். எந்தக் கடையில் சோறு மலிவு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள்.

போன வருஷம் அரையாண்டு லீவில் பிள்ளைகளை நீடாமங்கலத்தில் அத்தையிடம் விட்டுவிட்டு நானும் உங்கள் அண்ணியும் போய்வந்தோம். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன், பேக்கேஜ் வேண்டாம். நீங்கள் ரெண்டு பேரும் தனியாகவே போகலாம்.

தை நெருங்கினால் பாத்திரக்கடையை விட்டு உங்களால் நகர முடியாது. எனக்குப் பள்ளிக்கூடம். ஆக ரெண்டு பேருக்குமே டிசம்பர் கடைசிதான் வாய்க்கிறது. ஊரெல்லாம் லீவில் கிளம்புகிற அந்த வாரத்தில் எகிறுவது விமான டிக்கெட்டும் ரூம் வாடகையும்தான். பஸ் டிக்கெட்டோ சோறோ கிறிஸ்துமஸுக்காக ஏறுவதில்லை. அதனால் கணக்குப் பார்ப்பதையெல்லாம் தேதியில் பாருங்கள், சாப்பாட்டில் பார்க்காதீர்கள்.

திருச்சியிலிருந்து நேராகவே விமானம் இருக்கிறது, நாலு மணி நேரச் சொச்சம். சென்னை போய் ஏறினால் மலிவு என்று யாராவது சொன்னால், கும்பகோணத்திலிருந்து சென்னை போய்வரும் செலவையும் கெட்டுப்போகும் தூக்கத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். மலிவு விமானத்தில் பெட்டிக்குத் தனிக்காசு. நாங்கள் போகும்போது கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்புவதற்கு மட்டும் ஒரு பெட்டிக்குக் கட்டினோம். கிறிஸ்துமஸ் அன்றைக்கே ஏறியதில் முந்தின நாளைவிடக் குறைவாகக் கிடைத்தது.

புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்கணும் என்று உங்களுக்கு ஆசை. மரினா பேயில் நின்று பார்க்க டிக்கெட் கிடையாதுதான். ஆனால் டிசம்பர் 31 ராத்திரிக்கு ரூம் விசாரித்துப் பாருங்கள், தெரியும். மத்தியானத்திலிருந்தே இடம் பிடித்து உட்காரணும். அப்புறம் கூட்டத்தோடு கூட்டமாக ஸ்டேஷனுக்கு நகரணும். 30ஆம் தேதியே திரும்பிவிடுங்கள். ஆர்ச்சர்ட் ரோடு என்கிற பெரிய கடைத்தெரு நெடுகக் கிறிஸ்துமஸ் விளக்கு போட்டிருப்பார்கள், அதைக் கண் நிறையப் பார்த்துக்கொள்ளலாம்.

ரூம் லிட்டில் இந்தியாவில் எடுங்கள். ஜன்னல் இல்லாத ரூம் என்று தனியாகவே போட்டிருப்பார்கள், அது மலிவு. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துத்தான் போகணும். உங்கள் அண்ணி முதலில் முகத்தைச் சுளித்தாள். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்குக் கால் வலியோடு வந்து விழுகிறவர்களுக்கு ஜன்னல் எதற்கு?

விசா அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலமாகத்தான். கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜெண்ட் கூலி அதற்கு மேல். இறங்குவதற்கு முந்தின 3 நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பணும். அது இலவசம், காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

புளிக்காய்ச்சலும் குட்டி குக்கரும் எடுத்துப்போவதாகப் பேச்சு அடிபடுகிறதே, நிஜமா? லிட்டில் இந்தியாவிலேயே இருக்கிற தேக்கா மார்க்கெட்டின் கீழ்த்தளத்தில் தோசை, பிரியாணி, சீனர் சோறு எல்லாம் வரிசையாக இருக்கிறது. இப்படி ஒரே கூரையின் கீழ் சின்னச் சின்னக் கடைகளாக இருக்கும் இடத்தை ஹாக்கர் சென்டர் என்கிறார்கள். போர்டில் போட்ட விலைதான் கொடுக்கவேண்டிய விலை. ஏசி ஓட்டலில் உட்கார்ந்தால் பெரும்பாலும் மெனு விலைக்கு மேல் 10 சதவீதம் சேவைக்கும், 9 சதவீதம் வரிக்கும் ஏறும். காலி மேஜையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் உட்கார்ந்துவிடாதீர்கள், யாரோ இடம் போட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார் என்று அர்த்தம். நாம் பஸ் ஜன்னலில் துண்டு போடுகிற அதே கதை. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்கணும், வைக்காவிட்டால் அபராதம்வரை போகும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டிலுக்கு டாலர் கொடுப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

காப்பி பற்றி ஒரு எச்சரிக்கை. டிகிரி காப்பியை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். துணிப்பையில் வடித்து, கெட்டியான டின்பாலை அடியில் ஊற்றித் தருவார்கள். ரெண்டாவது நாளே எனக்குப் பிடித்துவிட்டது. உங்கள் அண்ணி கடைசிவரை டீதான்.

சுற்ற எம்ஆர்டி ரயிலும் பஸ்ஸும் போதும். ஆளுக்கொரு கார்டு வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டணும். மாடி பஸ்ஸில் மேலே முன் சீட்டு கிடைத்தால் விடாதீர்கள், ஊரைச் சுற்றிக்காட்ட அதைவிட மலிவான வண்டி கிடையாது. குடை கட்டாயம். அங்கேயும் வடகிழக்குப் பருவமழைதான், டிசம்பரில் சாயங்காலமானால் கொட்டித் தீர்க்கும்.

கார்டன்ஸ் பை த பேயில் அந்த உயரமான இரும்பு மரங்களுக்குக் கீழே மல்லாந்து படுத்து விளக்குக் காட்சி பார்ப்பது இலவசம். நோட்டீஸில் இருக்கிற யூனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காவை நான் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவேன். பிள்ளைகள் இல்லாமல் அங்கே போய் என்ன செய்யப்போகிறீர்கள்?

எந்த நோட்டீஸிலும் நான் பார்க்காத ஒரு தெரு இருக்கிறது, தெலுக் ஆயர். அங்கே ஒரு நாகூர் தர்கா இருக்கிறது! நம் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக, நம் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் 1828இல் தொடங்கி 1830இல் கட்டி முடித்தது. நாகூரில் பெரிய மினாராவை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு அது சின்னதுதான். மூலைக்கொரு ஒல்லியான மினாரா, அடுக்கடுக்காகக் குட்டிக் குட்டி மாடங்கள். பின்னால் கண்ணாடிக் கட்டடங்கள் வானத்தை மறைக்கின்றன. அந்தக் காலத்தில் கடல் அந்தத் தெரு ஓரம்வரை இருந்ததாம். பிறகு மண் கொட்டித் தூர்த்துவிட்டார்கள். அன்றைக்குக் கப்பலிலிருந்து இறங்கியவன் நாலு எட்டு வைத்தால், பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஒரு இடம். அதே தெருவில் சீனர்களின் கடல் அம்மன் கோயிலும் இருக்கிறது, அவர்களுக்கும் அதே கடல் பயம்தானே. உங்கள் அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றாள். அவள் தாத்தா பினாங்குக்குக் கப்பல் ஏறியது நாகப்பட்டினத்தில்தான் என்று உங்களுக்கும் அத்தை சொல்லியிருப்பார். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், 1827இல் தொடங்கியது. ரெண்டுக்கும் சேர்த்து அரை நாள் ஒதுக்குங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். கும்பகோணம் வெற்றிலை இல்லாமல் உங்களுக்குப் பொழுது விடியாது என்று தெரியும். வெற்றிலை தேக்காவிலேயே கிடைக்கும், ஆனால் எங்கேயும் துப்பக்கூடாது. புகையிலையை மட்டும் பையின் மூலையில்கூட வைக்காதீர்கள், வாய்ப் புகையிலைக்கு அங்கே தடை.

முஸ்தபா கடைக்குள் நுழைந்தால் உங்கள் வீட்டம்மாவை வெளியே கொண்டுவருவது உங்கள் பாடு. அத்தைக்குக் கோடாலித் தைலம் மட்டும் வாங்காதீர்கள், நாங்கள் கொண்டுவந்ததே இன்னும் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது.

அன்புடன்,
மன்னார்குடி சகலை