விபத்து என்று ஒதுக்கிவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீரர் தினத்தையொட்டி உங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த சிறப்புப் பக்கங்களை வரி விடாமல் படித்தேன். கம்யூனிஸ்டு கெரில்லாக்களோடு மோதல் நடந்த மலாயா அவசரகாலத்தில் (1948-1960) உயிர்விட்ட காவல்துறையினரைப் பற்றியும் படைவீரர்களைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் சரக்கு விமானங்களில் போய்ச் செத்தவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அதுவும், இவர்கள் சண்டையில் இறக்கவில்லை, விபத்தில் இறந்தவர்கள் என்று. அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதம் ஒன்றும் அதற்கு ஆமாம் போட்டது. எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவிலிருந்து சிரம்பானுக்குப் போகிற நாங்கள் கோலப்பிலா தாண்டி புக்கிட் பூத்துஸ் மலைப்பாதையில் ஏறுவோம். அந்த மலைத்தொடரிலேயே தெலாபாக் பூரோக் என்றொரு மலை இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 23ஆம் தேதி பிரிட்டிஷ் விமானப்படையின் லிபரேட்டர் விமானம் ஒன்று அங்கே காட்டில் மோதி விழுந்தது. கேஎல் 654 என்பது அதன் எண். உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்துபோனார்கள். ஜப்பான் சரணடைவதாக அறிவித்து அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது. லிபரேட்டர் குண்டு போடுகிற விமானம்தான், ஆனால் அன்றைக்கு அது குண்டு போட வரவில்லை. ஜப்பானியருக்கு எதிராகக் காட்டுக்குள் மறைந்திருந்து வேலை செய்த ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் இரகசியப் படையின் ஆட்களுக்குப் பொருள்களைப் போட வந்தது. இந்துமாக்கடலில் கிடக்கும் கொக்கோஸ் தீவில் கிளம்பி, 1,700 கிலோமீட்டருக்கு மேல் கடலையும் சுமத்திராவையும் கடந்து வந்து, கடைசியில் நம் மலையில் முடிந்துபோனது.

சண்டை ஓய்ந்துவிட்டது என்று வீட்டில் இருந்தவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். எலும்புகள் 2009-ல்தான் எடுக்கப்பட்டன. 2012 அக்டோபர் 18 அன்று கோலாலம்பூர் செராஸ் சாலை கல்லறைத் தோட்டத்தில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். இடையில் 67 வருஷம். பெற்றவர்கள் ஒருவர்கூட அதுவரை இருந்திருக்க முடியாது.

அதே வருஷம் மார்ச் மாதத்தில் அதே கல்லறையில் இன்னும் பன்னிரண்டு பேர் அடக்கமானார்கள். அது அவசரகாலத்துக் கதை. 1950 ஆகஸ்ட் 25 அன்று கேஎன் 630 என்ற டக்கோட்டா சரக்கு விமானம் கிளந்தான் காட்டில் விழுந்தது. அவர்களை வெளியே கொண்டுவர 2008 வரை ஆயிற்று.

சரி, இவை விபத்துதானே, யாரும் சுட்டு வீழ்த்தவில்லையே என்று கேட்கலாம். சுடவில்லைதான். ஆனால் அந்த வேலை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் படைக்கு அரிசி, டின் உணவு, மருந்து, தோட்டா எல்லாம் ஆகாயத்திலிருந்துதான் போயாக வேண்டும். உயரத்திலிருந்து போட்டால் காற்று பாரசூட்டை அடுத்த பள்ளத்தாக்குக்குத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே விமானி தாழ இறங்க வேண்டும், வேகத்தையும் குறைக்க வேண்டும். இரண்டு பக்கமும் மலை, கீழே கையகலத்துக்கு வெட்டவெளி. ஒரே சுற்றில் எல்லாவற்றையும் தள்ள முடியாது, திரும்பத் திரும்ப அதே இடுக்குக்குள் வர வேண்டும். பொழுது ஏற ஏற மலையில் மேகம் கட்டிவிடும். சுமையோடு தாழப் பறக்கும்போது ஓர் இயந்திரம் நின்றுபோனால் மேலே ஏறித் தப்பிக்க உயரமும் இருக்காது, வேகமும் இருக்காது. வரைபடத்தில் மலையின் உயரம் தப்பாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அமைதிக் காலத்தில் எந்த விமானியையும் அப்படிப் பறக்கச் சொல்ல மாட்டார்கள். சொன்னது போர்.

என் அப்பா அவசரகாலத்தில் சிறுபையன். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்த காலம் அது. சாமான் போடுகிற விமானம் பால்மரங்களுக்கு மேலே எவ்வளவு தாழ வரும் என்றால், கதவு கழற்றப்பட்ட வாசலில் உட்கார்ந்திருப்பவனின் பூட்ஸ்கால் தெரியும் என்பார் அப்பா. அந்தக் காலால்தான் மூட்டைகளை உதைத்துத் தள்ளுவார்கள். பிள்ளைகள் வேலியோரம் ஓடிக் கையாட்டுவார்களாம், ஒருமுறை அவனும் திருப்பிக் கையாட்டினானாம். கையில் துப்பாக்கி கூட இல்லாமல், இடுப்பில் ஒரு வார் மட்டும் கட்டிக்கொண்டு வேலை பார்த்த அந்த ஆளைப் போர்வீரன் இல்லை என்று எந்தக் கணக்கில் சொல்வது?

உலகம் முழுக்க இதே நிலைதான். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவின் அஸ்ஸாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன அமெரிக்க விமானங்கள் ஏறக்குறைய 600 அழிந்தன. பெரும்பாலானவற்றை வீழ்த்தியது எதிரியல்ல, மலையும் பனியும் புயலும்தான். கொரியப் போர் நடந்த 1953-ல், ஜூன் 18 அன்று, ஜப்பானில் சில நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போர்முனைக்குத் திரும்பிய சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய குளோப்மாஸ்டர் என்ற அமெரிக்கச் சரக்கு விமானம், ஜப்பானின் தாச்சிகாவா அருகே தர்ப்பூசணி வயலில் விழுந்து 129 பேர் இறந்தார்கள். ஓர் இயந்திரம் நின்றதில் தொடங்கியது அது. 1975 ஏப்ரல் 4 அன்று சைகோனிலிருந்து அநாதைக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட கேலக்ஸி என்ற அமெரிக்கச் சரக்கு விமானத்தின் பின்கதவு வானத்தில் பிய்த்துக்கொண்டு போனது. வாலைக் கட்டுப்படுத்தும் குழாய்கள் அதோடு அறுந்தன. விமானிகள் எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தும் ஓடுதளத்தை எட்ட முடியாமல் வயலில் இறங்கினார்கள். 138 பேர் செத்தார்கள், பாதிக்கு மேல் பிஞ்சுக் குழந்தைகள். நகரம் விழப்போகிறது என்ற அவசரம் இல்லாவிட்டால் அத்தனை பிள்ளைகளை ஒரு சரக்கு விமானத்தில் யார் அடைத்திருப்பார்கள்?

இவற்றில் என்னை அதிகம் உலுக்கியது ஆஸ்திரேலியாவின் பேக்கர்ஸ் கிரீக். 1943 ஜூன் 14 அன்று மக்காய் நகரத்திலிருந்து நியூகினிப் போர்முனைக்குத் திரும்பிய அமெரிக்க வீரர்களின் விமானம் ஏறிய சில நிமிஷத்திலேயே விழுந்தது. 41 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். போர்க்காலத் தணிக்கை காரணமாகச் செய்தியை அமுக்கிவிட்டார்கள். எங்கே, எப்படி என்று குடும்பங்களுக்கே சரியாகச் சொல்லவில்லை. விபத்து என்ற பேச்சு இங்கேதான் அதிகாரத்துக்கு வசதியாகிப் போகிறது. எதிரி சுட்டால் வீரச்சாவு, ஊருக்கெல்லாம் சொல்லலாம். நம் விமானமே விழுந்தால் மூடி வைக்கலாம்.

நம்மவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. தெலாபாக் பூரோக்கில் அந்த லிபரேட்டர் விழுவதற்கு ஐந்து நாள் முன்பு, 1945 ஆகஸ்ட் 18 அன்று, தைஹோக்குவில் (இன்றைய தைவானின் தைப்பே) ஜப்பானிய இராணுவ விமானம் ஒன்று ஏறிய வேகத்தில் விழுந்து எரிந்தது. அதில் இருந்தவர் நேதாஜி. இந்தத் தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் இந்திய தேசிய இராணுவத்துக்குப் போனார்கள், எத்தனை பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அவர் சாகவில்லை என்று கடைசிவரை நம்பிய தாத்தாக்களை நானே பார்த்திருக்கிறேன். விசாரணைக் குழுக்கள் மாற்றி மாற்றிச் சொன்னதால் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆனால் அவர் விபத்தில்தானே செத்தார், போரில் சாகவில்லையே என்று நம் தோட்டங்களில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லவும் மாட்டோம். அந்த நியாயம் மற்றவர்களுக்கும் உண்டுதானே? அதே விமானத்தில் ஷிதேய் என்ற ஜப்பானியத் தளபதியும் இறந்தார். அவர் பெயர்கூட நம்மில் பலருக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன நம் ஆட்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வெள்ளைக்காரச் சிப்பாய் எட்டுப் பேருக்கு 67 வருஷம் கழித்தாவது கிடைத்ததே என்று ஒரு பக்கம் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அந்த எரிச்சலை அந்த எட்டுப் பேர்மீது காட்டுவது நியாயமில்லை. காலராவில் செத்த நம் ஆளையும் நோயில் செத்தவன் என்றுதான் ஒதுக்கினார்கள். அந்த அநியாயத்தை அனுபவித்த நாம் இன்னொருவருக்கு அதைச் செய்யலாமா?

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆகஸ்ட் 23-க்கு முன் கேஎல் 654 பற்றியும் கேஎன் 630 பற்றியும் ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். நெகிரி செம்பிலானில் மலையடிவாரத்தில், ஏறுகிறவர்கள் கண்ணில் படும் இடத்தில், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்புப் பலகை வைக்க மாநில அரசைக் கேளுங்கள். காட்டில் இன்னும் கிடக்கும் விமானத் துண்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட வேண்டாம் என்று இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அப்புறம், சாமான் போட்ட விமானங்களைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் கோலப்பிலா, பகாவ், ரொம்பின் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நீங்கள் இடம் ஒதுக்கித் தந்தால், அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்ப நான் தயார். எல்லோருக்கும் எண்பது தாண்டிவிட்டது, தாமதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பகாவ், நெகிரி செம்பிலான்